இடது கன்னத்துப் பொருமல்

எங்கள் பைண்டிங் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. பொருமலைத் திறந்து பார்க்கக் கூடாது.

பொருமல் முதலில் நோட்டுக்கு வருவது. அட்டை ஒட்டும் பசையில் தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டால், ஒட்டிய கால் மணி நேரத்தில் அட்டை உப்பிக்கொண்டு எழும்பும். உடனே அதை அமுக்குப் பலகைக்கு அடியில் தள்ளி, மேலே இரண்டு இரும்புக் கட்டிகளை ஏற்றி, மறுநாள் வரை தொடாமல் விட்டுவிட வேண்டும். பொறுக்க மாட்டாமல் நடுவில் எடுத்துப் பார்த்தால் போச்சு. அட்டை கோணிக்கொள்ளும். அப்புறம் அந்த நோட்டு ஆயுசுக்கும் வாயைப் பிளந்தபடியே கிடக்கும்.

பெரியப்பா இந்தச் சட்டத்தை மனிதர்களுக்கும் போட்டிருந்தார். வீட்டில் யாராவது முகத்தை உப்பிக்கொண்டு பேசாமல் இருந்தால், "என்ன கோபம்?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் கோணிக்கொள்வார்கள். தப்பு செய்தவர் யாரோ அவர், வாயைத் திறக்காமல் ஏதாவது ஒரு நல்ல காரியம் செய்துவிட வேண்டும். அதுதான் இரும்புக் கட்டி. ஒருநாள் இரண்டுநாளில் முகம் தானாகத் தட்டையாகிவிடும். யார், எதற்கு, ஏன் என்ற பேச்சே இல்லாமல் எங்கள் குடும்பம் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாக் கோபத்துக்கும் இந்த மரியாதை கிடையாது. அப்பாவுக்கு வருவது சிடுசிடுப்பு. கட்டிங் மெஷினில் பிளேடு மழுங்கிய நாட்களில் வரும். அதற்கு நாம் காரணமாக இருக்க வேண்டியதில்லை, எதிரில் இருந்தால் போதும். சித்தப்பாவுக்குப் புகைச்சல். அடுத்த தெரு பைண்டருக்குப் பெரிய ஆர்டர் கிடைத்தது என்று கேள்விப்பட்டால் புகைவார், பசைச் சட்டியும் அன்றைக்கு அடிபிடிக்கும். மாடியில் சமையலைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு முணுமுணுப்பு. அது தனியாக வராது, பாத்திரச் சத்தத்தோடுதான் வரும். பெரியப்பா தனக்கு வருவதை ரௌத்திரம் என்பார். நாங்கள் அவர் இல்லாத நேரத்தில் கத்தல் என்போம். கடுகடுப்பு முகத்தோடு நின்றுவிடும். குமுறல் நெஞ்சுக்குள் இருக்கும். கொதிப்பு தலைக்கு ஏறும். பொருமல் ஒன்றுதான் ஆளையே வீங்க வைக்கும். வயிறும் பொருமும், மனசும் பொருமும், நோட்டும் பொருமும்.

கோடு கோணலாக விழுந்து கழித்துப் போட்ட ஒரு நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதையெல்லாம் எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, யாருக்கு வரும், எப்போது வரும், எப்படிப் போகும் என்று இரண்டு வரி. அந்த நோட்டு நூல் டப்பாக்களுக்குப் பின்னால் இருந்தது. இருப்பது யாருக்கும் தெரியாது. நான் அதிகம் பேச மாட்டேன் என்பதால் எனக்குப் பட்டறையில் பூச்சி என்று பெயர். வாயில்லாப் பூச்சி என்பதன் சுருக்கம். பூச்சியின் நோட்டில் தன் பெயர் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

அதில் சித்திக்கு எதிரே மட்டும் இப்படி எழுதியிருந்தேன்: "கோபம் வராது. (சரியாகத் தெரியவில்லை.)"

சித்தப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த நாளிலிருந்து பட்டறையில் தையல் அவளுடையது. நான் காகிதத்தை மடித்துக் கொடுப்பேன், அவள் நூலில் மெழுகு தடவி, ஊசியை மடிப்பின் நடு முதுகில் குத்தித் தைப்பாள். அவள் இடம் பசை அடுப்புக்குப் பக்கத்து மூலை. மைதாவும், கரையான் வராமலிருக்கப் போடும் மயில்துத்தமும் கொதிக்கிற ஆவி நேராக அவள் முகத்துக்குத்தான் போகும். தலைக்கு மேலே ஒரு மங்கல் பல்பு. ஊசியில் நூல் கோக்க, அவள் ஒவ்வொரு முறையும் எழுந்து வாசல் வரை போய் வெளிச்சத்தில் கோத்துக்கொண்டு திரும்புவாள். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தோரு தடவை.

பட்டறையில் ஜன்னல் ஒன்றே ஒன்று. அதன் கீழே ஒரு நீள மேசை. மேசையில் பெரியப்பா, பெரியப்பாவின் செய்தித்தாள், பெரியப்பாவின் மூக்குக் கண்ணாடிக் கூடு.

சித்தி பெரியப்பாவிடம் மூன்று முறை கேட்டிருக்கிறாள். முதல் தடவை, "அத்தான், தையலுக்கு அந்த ஜன்னல் பக்கம் வந்துடட்டுமா?" என்றதற்கு, "பாக்கலாம்மா" என்றார். இரண்டாவது தடவை, "ஜன்னல் மேசைதாம்மா கடைக்கு முகம். வர்றவங்க யாரைப் பாப்பாங்க?" என்றார். மூன்றாவது தடவை செய்தித்தாளைத் திருப்பினார். மொத்தம் எட்டு வருஷம்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் சித்தி சால்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். இடது கன்னம் பந்து மாதிரி உப்பியிருந்தது. யாரையும் பார்க்கவில்லை. அப்பா "டீ குடிச்சியாம்மா?" என்றார். பதில் இல்லை. மூலையில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள்.

அப்பா மெஷினை நிறுத்திவிட்டுப் பெரியப்பாவிடம் போனார்.

"அண்ணே. பொருமல்."

"யாருக்கு?"

"சின்னவளுக்கு."

பெரியப்பா கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு எட்டிப் பார்த்தார். "அடேயப்பா! எட்டு வருஷத்துல வராதது வந்திருக்கு. யாரும் வாய் திறக்காதீங்க. அதுவா அமுங்கட்டும்."

சித்தப்பா பசைச் சட்டியைக் கிண்டுகிற சாக்கில் என் பக்கம் வந்து குனிந்தார். முகம் வெளிறியிருந்தது.

"பூச்சி, உன் சித்தி என்னடி சொன்னா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அவ ரோஜாத் தொட்டியில பசைத் தண்ணிய ஊத்தினது நான்தான்னு தெரிஞ்சிடுச்சா?"

எனக்கே அது அப்போதுதான் தெரியும்.

பதினொரு மணிக்கு நான் பின்கட்டில் கை கழுவப் போனபோது, சித்தி குழாயடியில் நின்று உப்புத் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒற்றைக் காலைத் தரையில் உதைத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். என்னைப் பார்த்ததும் துப்பினாள். வாயைச் சுட்டினாள். கடைவாய்ப் பல். பேச வரவில்லை, வாய் அரை விரல்கூடத் திறக்கவில்லை. ஏதாவது எழுதக் கொடு என்று கையை ஆட்டினாள். நான் காகிதம் தேடுவதற்குள் அவளே உள்ளே போய், நூல் டப்பாக்களுக்குப் பின்னால் கையை விட்டு, என் நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்!

அது அங்கே இருப்பது அவளுக்கு எத்தனை நாளாகத் தெரியும் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. தினமும் அந்த டப்பாக்களிலிருந்து நூல் எடுக்கிறவள் அவள்தானே. பூச்சிக்கு மேல் பூச்சி.

அவள் எழுதினாள்: "பல். யாரிடமும் சொல்லாதே. டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவார்கள். குறடு."

சித்திக்குப் பாம்பு என்றால் பயமில்லை, இடி என்றால் பயமில்லை. பல் டாக்டரின் குறடு என்றால் மட்டும் சின்னக் குழந்தை. நான் பக்கத்தில் எழுதினேன்: "சொல்ல மாட்டேன். நீங்கள் இந்த நோட்டைப் பற்றிச் சொல்லக் கூடாது." அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். சிரிக்க முயன்று வலியில் சுருங்கினாள்.

நாங்கள் உள்ளே திரும்பியபோது மூலையில் பெரிய வெளிச்சம். சித்தப்பா ஸ்டூல் மேல் ஏறி மங்கல் பல்பைக் கழற்றிவிட்டு, கண் கூசுகிற ஒரு பல்பைப் போட்டிருந்தார். இறங்கி, யாரையும் பார்க்காமல், பசைச் சட்டியைத் தானே கொண்டுபோய்த் தேய்த்தார். மத்தியானத்துக்கு மேல் அப்பா தன் ஸ்டூலில் இருந்த மெத்தையை எடுத்துச் சித்தி உட்காரும் பலகையில் வைத்துவிட்டு நகர்ந்தார். முன்பு ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவரிடம், தையல் தொளதொளவென்று இருப்பதற்குச் சித்தியைக் கைகாட்டியது அவர்தான். உண்மையில் அன்று கட்டிங்கில் நூலையும் சேர்த்து வெட்டியது அவருடைய மெஷின்.

செவ்வாய்க்கிழமை அம்மா ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, சர்க்கரை போட்டு, கிண்ணத்தைச் சித்தியின் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்தாள். சித்தியின் புது வாளியை உடைத்துவிட்டு மூன்று வாரமாகப் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தவள். சித்திக்கு அதைத் தவிர வேறு எதையும் மெல்ல முடியாது என்பது அம்மாவுக்குத் தெரியாது. சித்தி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

அன்று சாயங்காலம் சித்தி என் நோட்டை எடுத்து எழுதினாள்: "இத்தனை பேர் எனக்கு இத்தனை செய்திருக்கிறார்களா!"

அவள் சொன்னது உதவிகளை அல்ல. அதற்கு முந்தின குற்றங்களை.

அடுத்த வரியில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரே ஒரு சொல். "ஜன்னல்." அதன் கீழே ஒரு கோடு, கோட்டின் கீழே இன்னொரு கோடு.

நான் எழுதினேன்: "வலிக்கவில்லையா?"

"உயிர் போகிறது. ஆனால் இந்த வீக்கம் இன்னொரு தடவை வராது."

அப்புறம் அது போட்டியாகிவிட்டது, பல்லுக்கும் பெரியப்பாவுக்கும். யார் முதலில் விடுவார் என்று நான் கிராம்புத் தைலப் பாட்டிலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தி தைப்பதை நிறுத்தவில்லை. ஆனால் புது பல்பு வந்த பிறகும் நூல் கோக்க வாசலுக்கே போனாள்; போகும் போதெல்லாம், நேர்வழியை விட்டுவிட்டு ஜன்னல் மேசையைச் சுற்றிக்கொண்டு போனாள். பெரியப்பாவின் எதிரே ஒரு நொடி நிற்பாள். இடது கன்னத்தை அவர் பக்கம் திருப்புவாள். பெருமூச்சு விடுவாள். போய்விடுவாள். ஒருநாளைக்கு நாற்பத்தோரு தடவை.

புதன்கிழமை பெரியப்பா செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"டேய், உன் பெண்டாட்டிக்கு நீ என்னடா பண்ணினே?" என்று சித்தப்பாவைக் கேட்டார்.

"நான் பண்ணினதுக்குத்தான் பல்பு போட்டுட்டேனேண்ணே. சட்டியும் தேய்ச்சாச்சு. அமுங்கலையே!"

"அப்போ நீ?" என்று அப்பாவைப் பார்த்தார்.

"மெத்தை குடுத்துட்டேன். உக்கார எனக்கு முதுகு வலிக்குது. இன்னும் என்ன பண்ணணும்?"

மிச்சம் இருப்பது யார் என்று கணக்குப் போட மூன்று பேருக்கும் அதிக நேரம் ஆகவில்லை.

"நான் என்னடா பண்ணினேன்?" என்றார் பெரியப்பா. "ஒண்ணுமே பண்ணலையே!"

"அதுதான்ணே போலிருக்கு" என்றார் சித்தப்பா.

வியாழக்கிழமை பெரியப்பா சில்லறை சமாதானங்களை முயன்று பார்த்தார். தன் செய்தித்தாளைச் சித்தியின் ஊசிப் பலகையில் கொண்டுபோய் வைத்தார். அவள் அதில் மெழுகைத் துடைத்தாள். பகலில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை ஜன்னலில் சாய்த்து வைத்து, வெயிலை மூலைக்குத் திருப்பிவிட்டார். அது நேராகச் சித்தப்பாவின் கண்ணில் போய் விழுந்தது. அவர் பசையைத் தன் செருப்பில் ஊற்றிக்கொண்டார். கடைசியில், ஆறு மணிக்குப் பட்டறையைச் சாத்தும்போது, பெரியப்பா யாரிடம் என்றில்லாமல் கதவைப் பார்த்துச் சொன்னார்:

"நாளைக்குக் காலைல மேசையை மாத்திப் போட்டுடலாம். அந்த மூலையிலயும் இப்போ நல்ல பல்பு இருக்கு. நான் அங்க உக்காந்துக்கறேன்."

சித்தி சால்வைக்குள் என் விரலை நெரித்த நெரிப்பில் எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. ஆறரை மணிக்கு அவள் என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். சால்வையை விலக்கினாள்.

கன்னம் தட்டையாக இருந்தது! வீக்கம் தானாக உடைந்து வடிந்துவிட்டிருந்தது. நாலு நாளைக்குப் பிறகு வாய் முழுசாகத் திறந்தது.

"வலியே இல்லடி" என்றாள் சித்தி. அவள் அதைச் சொன்ன விதத்தில், அதைவிடக் கெட்ட செய்தி இருக்க முடியாது என்று தோன்றியது. "இப்போ என்ன பண்றது? எட்டு மணிக்கு மேசையைத் தூக்குவாங்க. என் மூஞ்சியைப் பார்த்தா, ஆறிடுச்சே, இனிமே எதுக்குன்னு கீழ வச்சிடுவாரு உங்க பெரியப்பா."

நான் உள்ளே ஓடி, நோட்டின் முதுகில் ஒட்டுகிற காடாத் துணியின் மிச்ச நறுக்குகளை அள்ளிக்கொண்டு வந்தேன். கழுவி, பிழிந்து, எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டிக் கொடுத்தேன். சித்தி வாயில் வைத்தாள். உடனே "ஆ!" என்று துப்பினாள்.

"அந்தப் பக்கம் பல்லுல இடிக்குது." கொஞ்சம் யோசித்தாள். உருண்டையை வலது பக்கம் ஒதுக்கிக்கொண்டாள்.

நான் என் கன்னத்தைத் தொட்டு, கையால் பக்கத்தை மாற்றிக் காட்டினேன். நாலு நாளாக இடது அல்லவா?

"எட்டு வருஷமா என்னை நேரா நிமிந்து பார்க்காதவங்க," என்றாள் சித்தி, துணி உருண்டையோடு, "பக்கம் பார்த்தா கண்டுபிடிக்கப் போறாங்க?"

எனக்கும் அது சரியென்றே பட்டது.

எட்டு மணிக்கு அப்பா ஒரு முனையும் சித்தப்பா ஒரு முனையுமாக ஜன்னல் மேசையைத் தூக்கினார்கள். அது பழைய கனத்த மரம். பெரியப்பா கண்ணாடிக் கூட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, வீடு மாறிப் போகிறவர் மாதிரி ஓரமாக நின்றார். சித்தி தன் ஊசிப் பலகையோடு தயாராக எதிர்ப்பக்கம். மேசை பட்டறையின் நடுவுக்கு வந்தபோது பெரியப்பா அவளைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நில்லுங்கடா."

நின்றார்கள்.

"ஏம்மா. நேத்து வரைக்கும் கோபம் இடது பக்கம்தானே இருந்தது?"

சித்தி வலது கன்னத்தைக் கையால் மூடினாள்.

"ரெண்டு நாளா ஒருநாளைக்கு நாப்பது தடவை எனக்கு முன்னாடி கொண்டுவந்து காட்டினியே. எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. இடது பக்கம். இன்னிக்கு வலது பக்கம் போயிருக்கு. ராத்திரியில பக்கம் மாறிப் படுத்துதா?"

அப்பா சிரிப்பை அடக்க, மேசை ஒரு முனையில் ஆடியது. நான் இருந்த இடத்திலேயே காகிதமாக மடிந்துபோய்விட மாட்டோமா என்று நினைத்தேன்.

சித்தி விரலை விட்டுத் துணி உருண்டையை எடுத்தாள். மேசை மேல் வைத்தாள்.

"பல் வலி அத்தான்," என்றாள். "கோபமில்ல. திங்கக்கிழமையிலேருந்து பல் வலி."

"பல் வலியா!" பெரியப்பாவுக்கு ரௌத்திரம் கிளம்பியது. "பல் வலிக்கா என் மேசையை நடுவீட்டுல..."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அவள் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் அவர் நிறுத்தினார் என்று நினைக்கிறேன்.

"கன்னம் இவ்வளவு பெரிசா வீங்கியிருக்கு. வீட்டுல ஆறு பேர். ஒருத்தராவது 'என்னம்மா ஆச்சு'ன்னு கேட்டீங்களா? கேட்டிருந்தா, குறட்டுக்குப் பயந்துக்கிட்டாவது, பல்லுன்னு எழுதிக் காட்டியிருப்பேன், முடிஞ்சிருக்கும். பல்பு போட்டீங்க, மெத்தை போட்டீங்க, எல்லாம் உங்க உங்க தப்புக்கு. என் வாயைப் பத்தி யாருக்கும் அக்கறை இல்ல. சரி, அதை விடுங்க. நான் மூணு தடவை வாய் திறந்து ஜன்னல் கேட்டேன். அப்போ குடுக்கல. வாய் திறக்க முடியாம இருந்தப்போ நாலே நாளுல குடுத்தீங்க. அப்போ நான் இனிமே எதுக்குப் பேசணும்? சொல்லுங்க. நாப்பத்தோரு தடவை எழுந்து வாசலுக்குப் போறேன், ஒருநாளைக்கு. பூச்சி எண்ணி எழுதி வச்சிருக்கா, வேணும்னா அவளைக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் நோட்டின் ரகசியம் அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது பெரிதாகப் படவில்லை. நான் சித்தியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பக்கமும் வலது பக்கமும் தட்டையாக, கழுவிய தட்டு மாதிரி இருந்தது. எதுவும் உப்பவில்லை, எதுவும் சிவக்கவில்லை. இருந்தும் அதுதான் கோபம் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. என் பட்டியலில் அதற்குச் சொல் இல்லை.

"நாப்பத்தி ஒண்ணு" என்றேன் நான். அன்றைக்குப் பட்டறையில் நான் பேசிய முதல் வார்த்தை அது. "மழை நாள்ல அதுக்கு மேல."

பெரியப்பா கண்ணாடிக் கூட்டைத் திறந்தார், மூடினார்.

"அண்ணே," என்றார் சித்தப்பா, முகம் சிவக்க, "எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு. கை கழண்டுடும் போலிருக்கு."

பெரியப்பா கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்தார். பிறகு கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டு, அடுப்புப் பக்கத்து மூலைக்குப் போய், மெத்தை போட்ட பலகையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் பசை ஆவி அவர் கண்ணாடியை மூடியது.

"இங்க கொண்டாங்கடா. என்னத்தப் பாக்கறீங்க?"

பதினோரு மணிக்குச் சித்தியைப் பல் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனவரும் அவர்தான். போகும்போது அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "குறடு எவ்வளவு பெரிசுன்னு நான் கேட்டுச் சொல்றேன்மா" என்று வாசலில் சொன்னார். சித்தியின் அலறல் தெருமுனை வரை கேட்டதாக அவரே வந்து எல்லோருக்கும் மூன்று முறை சொன்னார். சித்தி பஞ்சைக் கடித்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் ஊசியைக் கோத்துக்கொண்டிருந்தாள். ஒரே முயற்சியில். எழுந்திருக்காமல்.

அந்த நோட்டை அப்பா கேட்டு வாங்கிப் படித்தார். தன் வரியை மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டு, "பிளேடு மழுங்கினா யாருக்குமே வரும்" என்று சிடுசிடுத்தார். நான் அதை உதாரணமாகச் சேர்த்துக்கொண்டேன். சித்திக்கு எதிரே இருந்த வரியை அடித்துவிட்டேன். அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது.

அடுத்த புதன்கிழமை பெரியப்பா மூலையில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீ வந்தது, குடிக்கவில்லை. செய்தித்தாள் மடித்தபடியே கிடந்தது. கன்னம் இரண்டும் லேசாக உப்பியிருந்தன. அப்பா மெஷினை நிறுத்தினார். சித்தப்பா எந்த நல்ல காரியம் செய்யலாம் என்று தேடிக்கொண்டு ஒரு துடைப்பத்தை எடுத்தார்.

சித்தி ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, எழுந்து, நேராக அவர் எதிரே போய் நின்றாள்.

"பல்லா, கோபமா?"

பெரியப்பா நிமிரவில்லை.

"ஜன்னல்" என்றார்.